மாட்டுக்குப் பல்லு, வண்டிக்குச் சேறு

வா மருமகனே, உக்காரு. துண்டால திண்ணையத் தட்டிட்டு உக்காரு, கோழி மேஞ்ச எடம். ஒங்காத்தா நேத்தே போன் போட்டுருச்சு. "அண்ணே, ஒம் மருமகன் டிராக்டர் வாங்கப் போறானாம், பழசாம், சல்லிசா வருதாம், நீ ஒரு வார்த்தை சொல்லு"ன்னுச்சு. எந் தங்கச்சி கேட்டு நான் எதை மறுத்தேன்? ஒரு வார்த்தைதானே. வேண்டாம்.

சொல்லியாச்சு. காப்பியக் குடி.

ஒம் மூஞ்சியப் பார்த்தா அந்த வார்த்தை காதுக்குள்ள போன மாதிரி தெரியலையே. சரி, போன்ல என்னமோ படம் வச்சிருக்கியாமே, காட்டு. ஏயப்பா! செவப்புன்னா செவப்பு, பளபளங்குது. முன்னால மாலை வேற தொங்குது. விக்கிற வண்டிக்கு எதுக்குடா மாலை? கல்யாணப் பொண்ணுக்கும் மாலை போடுறோம், தூக்கிட்டுப் போறவருக்கும் மாலை போடுறோம். இது எந்த மாலைன்னு அவங்கிட்ட கேட்டியா?

வெலை மூணரை லட்சம். பணத்துக்கு? பைனான்ஸு. வட்டி நூத்துக்குப் பதினாலு. சரி, ஒரு கணக்குப் போடுவோம். நீ பி.காம். படிச்சவன், நான் அஞ்சாங் கிளாஸு. தப்பா இருந்தா திருத்து. ஒங்கிட்ட இருக்கது மூணு ஏக்கரு. சுருளிப்பட்டிக்கு அங்கிட்டு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல், ஒரு ஏக்கர் வாழை, வாய்க்கால் பாசனத்துல ஒரு ஏக்கர் வயலு. வயலுக்கு ரெண்டு போகத்துக்கும் தொழி அடிக்க, வாழைக்கு ரோட்டவேட்டர் விட, பந்தலுக்குள்ள களை ஓட்டன்னு எப்படி இழுத்துப் பிடிச்சாலும் வருசத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல வேலை இல்ல. நீ என் மருமகனாச்சே, 30-ன்னே வச்சுக்குவோம். வாடகை வண்டி மணிக்கு 1,200 ரூவான்னாலும் 36,000. நீ வாங்குற கடனுக்கு வட்டி மட்டும் வருசத்துக்கு 49,000. அசல் தனி, டீசல் தனி, டயர் தனி, சைடுல ஒக்காந்து வர்ற ஒங் கூட்டாளிக்குப் பரோட்டா தனி. வேளாண்மைப் பொறியியல் துறை வண்டிய உழவன் செயலியில பதிஞ்சா மணிக்கு 500 ரூவாதான். என்ன, நம்ம முறை வர்ற வரைக்கும் பொறுமை வேணும். பொறுமை இருந்தா நீ எதுக்கு டிராக்டர் வாங்கப் போற?

"ஊருக்கே உழுது சம்பாதிப்பேன் மாமா"ங்குற. இந்தப் பாட்டை நான் பல வாயில கேட்டிருக்கேன். ஜூன் ஒண்ணாந் தேதி பெரியாறு அணையில தண்ணி தெறந்தா, லோயர் கேம்ப்ல ஆரம்பிச்சு பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக வயலு. நெலம் இல்லைன்னு நான் சொல்லல. ஆனா அம்புட்டுப் பேருக்கும் போகத்துக்குப் போகம் அந்த ஒரு மாசத்துலதான் வண்டி வேணும். மிச்ச மாசத்துக்கு வண்டி வேப்பமரத்தடியில படுத்துக்கெடக்கும், வட்டி மட்டும் எந்திரிச்சு நடக்கும். அப்புறம் நீ யாருக்கு உழப் போற? சித்தப்பனுக்கு, மச்சினனுக்கு, கூடப் படிச்சவனுக்கு. "அறுப்பு முடியட்டும் மாப்ள, சேத்துத் தாரேன்"ம்பாங்க. தெரிஞ்சவன் வண்டிக்கு எவன் ரொக்கம் கொடுத்தான்?

கேக்க மாட்ட. எனக்குத் தெரியும். வீரபாண்டித் திருவிழாவுல பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில வந்து எறங்குனதை ஒம் பொஞ்சாதி பார்த்துருச்சு. அதுக்கு நான் கணக்குப் போட முடியாது. அதனால வாங்கத்தான் போறேன்னா, ஏமாறாம வாங்கு. அதையாவது கேளு.

மொதல்ல அளவு. ஒனக்கு மாட்டு வண்டிப் பந்தயம்னா சோறு தண்ணி வேண்டாம். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடுன்னு தரம் பிரிச்சுத்தானே பூட்டுறாங்க? தேன்சிட்டுல ஓடவேண்டிய கன்னைப் பெரியமாட்டுல பூட்டினா நாக்குத் தள்ளிரும்னு ஒனக்குத் தெரியுது. டிராக்டர்ல மட்டும் ஏன் கண்ணு அவிஞ்சு போகுது? 15 எச்.பி. யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 எல்லாம் தட்டான்சிட்டு. 24 எச்.பி. குபோட்டா பி2441, மகிந்திரா ஜீவோ 245 தேன்சிட்டு, நாலு சக்கரமும் இழுக்கும். 30 எச்.பி. மகிந்திரா 265 பூஞ்சிட்டு, 36 எச்.பி. மேசி 1035 கரிச்சான். மகிந்திரா 475, 575 எல்லாம் நடுமாடு, 42-ம் 45-ம். அம்பதுக்கு மேல போனா பெரியமாடு. அந்தப் பக்கம் எட்டிப் பாக்காத. 2023 ஜனவரியில இருந்து அம்பதுக்கு மேல உள்ளதுக்குப் புது மாசு விதி வந்து, வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் பெட்டி வச்சுட்டான். நின்னு போச்சுன்னா நம்ம மெக்கானிக்கு ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு அதுகிட்ட மன்னிப்புதான் கேக்கணும்.

நீ காட்டுறது நடுமாடு. ஒன் திராட்சைப் பந்தல் ஒசரம் என்ன? ஆறடிச் சொச்சம். கல்லுக்கால் ஊனி, கம்பி இழுத்து, ஒங்கப்பன் ரெண்டு வருசம் பட்ட பாடு அது. இந்த வண்டியில சைலன்சர் பானெட்டு மேல கொக்கு நிக்கிற மாதிரி நிக்குது. உள்ள விட்டா கம்பி அறும். அறாம ஒருவழியா நுழைஞ்சாலும் கொத்துல பொகையடிக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. நீ அதுக்குப் பொகை போட்டுக் கருவாடா விக்கப் போறியா? பந்தலுக்குன்னா அகலம் கம்மியான, சைலன்சர் கீழ திரும்பின தேன்சிட்டு. வயலுக்குன்னா கரிச்சான். ரெண்டுக்கும் ஒண்ணேன்னா ஒண்ணுக்கும் இல்ல. நானா இருந்தா பந்தலுக்கும் வாழைக்கும் சின்ன வண்டி வாங்கிட்டு, தொழிக்கு வாடகை வண்டி விட்டுருவேன். அடுத்தவன் வண்டி சேத்துல நனையட்டுமே, நமக்கென்ன?

இப்ப நான் சொல்லப் போறதுதான் விசயம். போனை உள்ள வையி.

சந்தையில மாடு பிடிக்கப் போனா ஒங்க தாத்தா மொதல்ல எதைப் பாத்தாரு? வாயப் பொளந்து பல்லைப் பாத்தாரு. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துருச்சான்னு. தரகன் என்ன கதை விட்டாலும் பல்லு பொய் சொல்லாது. டிராக்டருக்குப் பல்லு இல்ல. வருசத்தைப் பாப்போம்னா, ஆர்.சி. புத்தகத்துல வருசம் இருக்கும், உழைப்பு இருக்காது. மணி மீட்டரைப் பாப்போம்னா, அது முள்ளு நின்னே மாமாங்கம் ஆயிருக்கும். "2,100 மணி நேரந்தான் ஓடிருக்கு"ம்பான். 2,100-ல நின்னு போச்சுன்னு அர்த்தம். அதனால வருசத்தைக் கேக்காத, மணியைக் கேக்காத. எந்த மண்ணுல கெடந்துச்சுன்னு கேளு.

நம்ம மாவட்டத்துல ஒரு நாளைக்குள்ள சுத்தி வந்துறலாம், ஆனா மண்ணு எத்தனை! கூடலூர்ல இருந்து சின்னமனூர் வரைக்கும் வயக்காடு. அங்கிட்டு ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, வருசநாடுன்னா மானாவாரி, செம்மண்ணு, கல்லு. நடுவுல தென்னந்தோப்பு, வாழை. அது போக செங்கல் சூளை, மண்ணு லோடு. ஒரே கம்பெனி, ஒரே வருசம், ஒரே நாள்ல வாங்குன நாலு வண்டிய இந்த நாலு எடத்துலயும் விட்டுப் பாரு. பத்து வருசம் கழிச்சு நாலும் நாலு சாதி.

தோப்புல கெடந்தது பண்ணையார் வீட்டு மாப்பிள்ளை. வருசத்துக்கு ரெண்டு மூணு ஓட்டு, மிச்ச நேரம் நெழல். கெடைச்சா விட்றாத. கல்லுக்காட்டு வண்டிக்கு முன் ஆக்ஸில் சென்டர் பின், கிங் பின் எல்லாம் ஆட்டங் கண்டிருக்கும். முன் சக்கரத்த ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாரு. ஒங்க தாத்தா பல்லு மாதிரி ஆடுச்சுன்னா செலவு இருக்கு. ஆனா அது தாங்கக்கூடிய செலவு. சூளை வண்டிய எப்படிக் கண்டுபிடிப்ப? பின்னால போயி டிரெய்லர் மாட்டுற கொக்கி ஓட்டையில வெரலை விட்டுத் தடவு. வட்டமா இருந்தா சரி. கோழி முட்டை மாதிரி நீண்டிருந்தா, அது பொறந்ததுல இருந்து பாரம் இழுத்திருக்கு. அப்ப கிளட்சு, கியர் பெட்டி எல்லாத்துலயும் அந்தப் பாரம் உக்காந்திருக்கும். அந்த ஓட்டைக்குப் பெயிண்ட் அடிக்கலாம், வட்டமாக்க முடியாது. முடியும், வெல்டிங் வச்சு. அப்ப வெல்டிங்கைப் பாரு.

எல்லாத்துலயும் மோசம் தொழிதான். சேறு பொறுமைசாலி. கேஜ் வீல் மாட்டி, அச்சு முங்க முங்க ஓட்டையில, பின் ஆக்ஸில்ல ஒரு ரப்பர் சீல் இருக்கு பாரு, அதை அது கொஞ்சங் கொஞ்சமா அரிக்கும். சீல் போச்சுன்னா உள்ள இருக்க ஆயில் வெளிய வரும், வெளிய இருக்க சேத்துத் தண்ணி உள்ள போகும். பழைய மாடல் வண்டியில பிரேக்கு பக்கத்துலயே இருக்கு. ஆயில் அதுல எறங்கிட்டா, நீ மிதிக்கிறது பிரேக்கை இல்ல, வெண்ணெய.

எப்படித் தெரியும்ங்குறியா? நான் மிதிச்சிருக்கேன். 2004-ல ஒரு தரகரு – பேரு வேண்டாம், புள்ளகுட்டிக்காரரு – எனக்கு ஒரு வண்டி தள்ளிவிட்டாரு. என்ன கம்பெனின்னு கேக்காத, கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான், சேத்துல போட்டு மொங்கினது மனுசன். இதே மாதிரி செவப்பு, இதே மாதிரி மாலை. "கோயில் தோப்புல ஓடுன வண்டி, கற்பூரம் காட்டாம எடுத்ததில்ல"ன்னாரு. மூணாம் நாள் வாய்க்கா மேட்டுல எறக்கத்துல வாரேன். மிதிச்சேன். வண்டி சிரிச்சுச்சு. நேரா பெரியாத்து வாய்க்காலுக்குள்ள. ஒங்கத்தை கரையில நின்னு பார்த்துட்டு, "பென்னிகுக் தொரை பாடுபட்டு அணை கட்டி இம்புட்டுத் தூரம் தண்ணி கொண்டாந்தது, நீ வண்டி கழுவுறதுக்கா?"ன்னு கேட்டா. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல.

அதனால கேளு. வண்டிக்கு எதிர்ல நின்னு அழகு பாக்காத, பின் சக்கரத்துக்கு உள்பக்கம் குனி. ஆக்ஸில் குழாய்ல ஆயில் கசிவு இருக்கா, புதுசா தொடச்ச தடம் இருக்கா பாரு. ரிம்மோட உள் விளிம்பைப் பாரு. தொழியிலயே கெடந்த ரிம்முல துரு செதில் செதிலா நிக்கும். கேஜ் வீல் மாட்டுன தழும்பும் இருக்கும். ரிம்முக்கு மட்டும் சில்வர் பெயிண்ட் புதுசா மினுங்குதுன்னா நல்லாச் சிரிச்சுக்க, எதையோ மறைச்சிருக்கான். போல்ட்டுத் தலையைப் பாரு. ஆறு மூலையும் மழுங்கி இருந்தா அந்த எடத்தைப் பலதடவை கழட்டியிருக்காங்க. மனுசன் ஒடம்புல தையல் தழும்பு மாதிரி அது. ஆபரேசன் ஆனது தப்பில்ல, ஆகலைன்னு சொல்றதுதான் தப்பு.

அப்புறம் எஞ்சின். டிப் ஸ்டிக்கை உருவு. ஆயில் கருப்பா இருந்தா கவலை இல்ல, டீசல் வண்டிக்கு அதுதான் நெறம். பால் ஊத்துன காப்பி மாதிரி இருந்தா உள்ள தண்ணி கலந்துருச்சு, காசைத் திருப்பி மடியில கட்டிக்க. நம்ம கோம்பை நாய் மாதிரி மோந்தும் பாரு, டீசல் வாடை வந்தா பம்புல கோளாறு. வண்டி ஓடையில ஆயில் ஊத்துற மூடியத் தெறந்து உள்ளங்கைய வையி. குபுகுபுன்னு பொகை தள்ளுனா பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங்கு கதை முடிஞ்சுது, எஞ்சினைப் பிரிக்கணும். சைலன்சர்ல மொதப் பொகை கருப்பா வந்து தெளிஞ்சா நல்லது. நீலம் நிக்காம வந்தா ஆயில் குடிக்குது. பண்ணைப்புரம் இங்கனதான இருக்கு? இளையராஜா பொறந்த மண்ணுக்குப் பக்கத்துல பொறந்துட்டு, மூணு சிலிண்டர்ல ஒண்ணு தாளம் தப்புறது காதுல விழலைன்னா, ஒனக்கு வண்டி வேண்டாம், காது டாக்டர் போதும்.

ஹைட்ராலிக்குக்கு நான் ஒரு வைத்தியம் வச்சிருக்கேன். ஒன்பது கொத்துக் கலப்பைய மாட்டித் தூக்கச் சொல்லு. எஞ்சினை அமத்தச் சொல்லு. கொத்துக்கு நேர் கீழ ஒரு விரக்கடை எடம் விட்டு ஒரு செங்கலை நட்டமா வையி. "வாங்கண்ணே, டீ சாப்பிடுவோம்"னு விக்கிறவனைக் கூட்டிட்டுப் போயிரு. நிதானமாக் குடி. ஒரு வடை சேத்துக்க, காசு அவன் கொடுக்கட்டும். திரும்பி வந்து பாக்கையில கொத்து செங்கல்ல உக்காந்திருந்தா பேரம் பேசு. செங்கல் சாஞ்சு கெடந்தா நல்லாப் பேரம் பேசு. கொத்து மண்ணுல கெடந்தா டீக்கு நன்றி சொல்லிட்டு வந்துரு.

கெட்டித் தரையில ஒரு சுத்து உழுது பாக்காம காசை எண்ணாத. எஞ்சின் சத்தம் ஏறுது, சக்கரம் ஏறலைன்னா கிளட்சு வழுக்குது. "இப்ப காடு ஈரமா இருக்கு, அப்புறம் ஓட்டிக்கலாம்"னு இழுக்கிறவன் வண்டிய அவனே வச்சுக்கட்டும்.

எச்.எம்.டி. ஒண்ணு பாதி வெலைக்கு வருதா? அருமையான இரும்பு, இல்லைங்கல. ஆனா பிஞ்சோர்ல அந்தத் தொழிற்சாலைய மூட 2016-லயே முடிவு பண்ணியாச்சு. பழைய ஃபோர்டு 3600-க்கும் ஆசைப்படுறவன் இருக்கான். ஆசைப்படட்டும். சாமான் வேணும்னா ஊர் ஊரா அலையத் தெம்பு இருக்கவனுக்கு அது பொழுதுபோக்கு. ஒனக்கு நாளைக்குத் தொழி அடிக்கணும். கம்பத்துலயோ தேனியிலயோ காலையில போனா மத்தியானத்துக்குள்ள பாகம் கெடைக்கிற வண்டியப் பாரு.

காகிதத்துக்கு வருவோம், அது சுருக்கம். டி.என். 60-ன்னு நம்பர் பார்த்ததும் நம்மூர் வண்டின்னு உருகிறாத. நம்பரு எங்க பதிஞ்சாங்கன்னு சொல்லும், எங்க உழுதாங்கன்னு சொல்லாது. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் சாக்பீஸ் தேச்சுப் படிச்சு ஆர்.சி.யோட ஒத்துப் பாரு. பரிவாகன் செயலியில நம்பரைத் தட்டுனா கடன் இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கான்னு வந்துரும். கடன் கட்டி முடிச்சிருந்தா பேங்க்கு கையெழுத்தோட 35-ஆம் நம்பர் பாரம், பேரு மாத்த 29, 30. வெறும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்து "பொறவு மாத்திக்கலாம்"பான். பொறவுன்னா அவன் பேரன் காலத்துல. பதினஞ்சு வருசம் தாண்டின ஆர்.சி.ன்னா புதுப்பிச்சிருக்கான்னு பாரு, அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருசமாத்தான் கொடுப்பாங்க. சீஸ் பண்ணுன வண்டி ஏலத்துல சல்லிசா வருதுன்னா, பேரு மாத்திக் கொடுக்கிறது யாரு பொறுப்புன்னு எழுத்துல வாங்கு. தவணை கட்ட முடியாதவன் ஆயிலா மாத்தியிருப்பான்?

வெலை. மூணரைன்னு அவன் வாய் சொல்லுது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-ல இருந்து 5-க்கு எறங்கிருச்சு. புதுசே எறங்கிருக்கு, பழசு விக்கிறவன் மட்டும் அதைக் கேள்விப்படாத மாதிரி இருக்கான். நீ கேள்விப்படுத்து. இன்னொண்ணு, இது வைகாசி. தண்ணி தெறக்க நாள் எண்ணிக்கிட்டு இருக்காங்க. இப்ப பழைய வண்டி கேட்டா முகூர்த்த நாள்ல வாழைத்தார் கேட்ட மாதிரி. ஆவணிக்கு வா, வெலை எறங்கும். ஆனா அதுக்குள்ள அடிக்கிற தொழியில வண்டியும் எறங்கியிருக்கும், அதையும் கணக்குல வையி. தோப்பு வண்டிய இப்ப கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குறது, தொழி வண்டிய ஆவணியில கொறைச்சு வாங்குறதை விட லாபம்.

துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சு மாட்டுக்கு வெலை பேசுன காலத்துல, தரகன் வெரலை அழுத்துற அழுத்துலயே அவனுக்கு எம்புட்டு அவசரம்னு தெரியும். இப்ப வாட்ஸ்அப்ல கை கும்பிடுற பொம்மையப் போடுறான். அதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அதனால நேர்ல போகணும்.

மொத சூட்சுமத்தைக் கடைசிக்கு வச்சிருக்கேன். ராத்திரியெல்லாம் கெடந்து ஆறிப்போன வண்டிதான் உண்மை பேசும். சூடான வண்டி எதுவும் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். பொகையும் அடங்கியிருக்கும், சத்தமும் பதமா இருக்கும். நல்ல பிள்ளையாட்டம் நிக்கும். வாங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா அரை மணி முந்தியே ஓட்டி வச்சிருவான். போனதும் வணக்கம் சொல்றதுக்கு முந்தி ரேடியேட்டர்ல புறங்கைய வையி. சில்லுன்னு இருக்கணும். வெதுவெதுன்னு இருந்தா, "அண்ணே, நாளைக்கு வாரோம்"னு சொல்லிட்டுத் திரும்பிரு.

அவன் வீடு உத்தமபாளையத்துக்கு அங்கிட்டுத்தானே? நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு இங்க வந்துரு, வண்டிய நீ எடு, நான் பின்னால உக்காந்துக்கிறேன். செங்கல் ஒண்ணு சாக்குல கட்டி வை. அவனுக்கு மட்டும் போன் போட்டுறாத, எஞ்சினைச் சூடு பண்ணிருவான்.